இருபது ஷிலிங்கும் ஒரு கேள்வியும்: ஜோன் ஹம்டனின் வாழ்க்கை

வரலாற்றுப் பாடத்தில் மன்னர்களின் பெயர்களும் போர்கள் நடந்த ஆண்டுகளும் நிறைய வருகின்றன. மன்னனைப் பார்த்து, "இதை எங்களிடம் கேட்க உமக்குச் சட்டப்படி உரிமை உண்டா?" என்று வினவிய குடிமக்களின் கதை அரிதாகவே வருகின்றது. 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வாழ்ந்த ஜோன் ஹம்டன் அவ்வாறு வினவியவர். அவர் செலுத்த மறுத்து வழக்காடிய தொகை 20 ஷிலிங், அதாவது ஒரு பவுண் மட்டுமே.

பிறப்பும் கல்வியும்

ஹம்டன் ஏறத்தாழ 1595இல் பிறந்தார். அவருடைய குடும்பம் பக்கிங்ஹாம்ஷயர் என்னும் மாவட்டத்தில் பல தலைமுறைகளாக நிலபுலங்களோடு வாழ்ந்து வந்தது. சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். தாயார் எலிசபெத், பிற்காலத்தில் இங்கிலாந்தின் ஆட்சியைக் கைப்பற்றிய ஒலிவர் குரொம்வெல்லின் மாமி. ஆகவே ஒலிவர் ஹம்டனுக்கு மச்சான் முறையானவர்.

தேம் என்னும் சிற்றூரின் பாடசாலையிலும் ஒக்ஸ்போர்ட் மக்டலன் கல்லூரியிலும் பயின்ற ஹம்டன், பின்னர் இலண்டனில் சட்டம் கற்றார். 1621இல் பாராளுமன்ற உறுப்பினரானார். அதிகம் பேசாதவர், பேசினால் சபை செவிமடுக்கும் என்று பெயர் பெற்றவர்.

மன்னரும் பாராளுமன்றமும்

1625இல் முதலாம் சார்ள்ஸ் மன்னரானார். பாராளுமன்றத்தின் சம்மதமின்றிச் செல்வந்தர்களிடம் கட்டாயக் கடன் வாங்க அவர் முற்பட்டபோது, கொடுக்க மறுத்த ஹம்டன் சிறை சென்றார். 1628இல் பாராளுமன்றம் 'உரிமை மனு'வை நிறைவேற்றியது. தன் சம்மதமின்றி வரி அறவிடலாகாது என்பது அதன் முக்கிய கோரிக்கைகளுள் ஒன்று. மன்னர் அதை ஏற்றார். எனினும் 1629 முதல் 11 ஆண்டுகள் பாராளுமன்றத்தைக் கூட்டாமலே ஆண்டார்.

மன்னரை எதிர்த்த சேர் ஜோன் எலியட் என்னும் உறுப்பினர் இலண்டன் கோபுரத்தில் அடைக்கப்பட்டு 1632இல் அங்கேயே இறந்தார். அவர் சிறையிலிருந்த காலத்தில் ஹம்டன் அவருக்குக் கடிதங்கள் எழுதினார். அவருடைய பிள்ளைகளின் நலனையும் கவனித்தார். அரசின் கோபத்துக்கு ஆளானவரோடு நட்புப் பாராட்டுவது அந்நாளில் எளிதான செயலன்று.

கப்பல் வரி

போர் ஆபத்து நேரும்போது கரையோர நகரங்கள் மன்னருக்குக் கப்பல்களோ அவற்றுக்கான பணமோ கொடுப்பது பழைய வழக்கம். சார்ள்ஸ் இதை 1634இல் சமாதான காலத்திலேயே கேட்டார். 1635இல் கடலையே காணாத உள்நாட்டு மாவட்டங்களுக்கும் விரிவுபடுத்தினார். அவசரத் தேவைக்கு உரிய உதவி இவ்வாறு ஆண்டுதோறும் அறவிடும் வரியாக மாறியது.

ஹம்டனின் நிலங்கள் கடலிலிருந்து வெகு தூரத்தில் இருந்தன. ஸ்டோக் மண்டவில் என்னும் ஊரிலிருந்த அவருடைய நிலத்துக்கு 20 ஷிலிங் விதிக்கப்பட்டது. அவருடைய செல்வத்துக்கு அது ஒரு பொருட்டே அன்று. ஆனால், "இன்று ஒரு பவுணை மன்னர் தம் விருப்பப்படி எடுக்கலாமென்றால், நாளை எதை எடுக்க முடியாது?" என்பதே வழக்கின் சாரம். எளியவர் ஒருவர் மறுத்திருந்தால் அவருடைய மாட்டையோ தட்டுமுட்டுச் சாமானையோ பறித்துக்கொண்டு போயிருப்பார்கள். கேள்வி நீதிமன்றப் படியே ஏறியிராது. வழக்கை நடத்தும் வசதி ஹம்டனிடம் இருந்தது. அந்த வசதியை அவர் இதற்குப் பயன்படுத்தினார்.

1637இல் 12 நீதியரசர்கள் முன் வழக்கு விசாரிக்கப்பட்டது. ஹம்டனின் சார்பில் ஒலிவர் சென் ஜோன் என்ற சட்டத்தரணி வாதாடினார். 1638இல் தீர்ப்பு வந்தது. எழுவர் மன்னர் பக்கம். ஐவர் ஹம்டன் பக்கம்.

ஹம்டன் தோற்றார். ஆயினும் மன்னரால் நியமிக்கப்பட்ட நீதியரசர்களுள்ளே ஐவர் மன்னருக்குச் சார்பாகத் தீர்ப்பளிக்கவில்லை என்ற செய்தி நாடெங்கும் பரவியது. வரி கொடுக்க மறுப்போர் பெருகினர், வசூல் வீழ்ந்தது. 1640இல் மன்னர் பாராளுமன்றத்தைக் கூட்ட நேர்ந்தது. 1641இல் கப்பல் வரி சட்டவிரோதமென அறிவிக்கப்பட்டது.

இறுதி நாட்கள்

1642 ஜனவரி 4ஆம் திகதி, ஹம்டன் உட்பட ஐந்து உறுப்பினர்களைக் கைது செய்யச் சார்ள்ஸ் படைவீரருடன் சபைக்கே வந்தார். முன்கூட்டியே செய்தி அறிந்த ஐவரும் வெளியேறிவிட்டனர். அவர்கள் எங்கே என்று மன்னர் கேட்டபோது, சபையின் கட்டளையின்றித் தாம் எதையும் சொல்ல இயலாது என்று சபாநாயகர் லென்தல் முழந்தாளிட்டபடி பணிவாக மறுத்தார்.

அவ்வாண்டே உள்நாட்டுப் போர் மூண்டது. ஹம்டன் தம் மாவட்டத்தவரைத் திரட்டிப் பாராளுமன்றத்தின் பக்கம் போரிட்டார். 1643 ஜூன் 18ஆம் திகதி சால்குரோவ் என்ற இடத்தில் காயமுற்று, ஆறு நாட்களின் பின், தாம் சிறுவனாகப் படித்த தேம் ஊரிலேயே உயிர் நீத்தார்.

நாம் பெறுவது

ஹம்டனை இன்றைய பொருளில் ஜனநாயகவாதி என்று கூற முடியாது. அவர் காத்த பாராளுமன்றம் நிலவுடைமையாளரின் சபை. பெண்களுக்கும் ஏழைகளுக்கும் அங்கே வாக்கில்லை. அவர் சேர்ந்த போரும் பெரும் உயிரிழப்பைத் தந்தது. இவற்றை மறைத்து அவரைப் புகழ்தல் வரலாறாகாது.

ஆயினும் அவர் எழுப்பிய கேள்வி அவருடைய வகுப்பையும் நாட்டையும் கடந்து சென்றது. நமது இலங்கை அரசியலமைப்பின் 148ஆம் உறுப்புரையும், பாராளுமன்றம் இயற்றும் சட்டத்தின் அதிகாரமின்றி வரி விதிக்கலாகாது என்றே கூறுகின்றது. கடையில் நாம் வாங்கும் ஒரு கொப்பியின் விலையில் வரி சேர்ந்திருந்தால், அதற்குப் பின்னாலும் ஒரு சட்டம் இருந்தாக வேண்டும்.

மாணவிகளே, தொகை சிறிது என்பதற்காகக் கேள்வியும் சிறிதாகிவிடாது. ஹம்டன் சத்தமிடவில்லை, சட்டத்தைப் படித்தார், காரணம் கேட்டார், தோல்வியையும் தாங்கினார். பிள்ளைகளின் கையிலுள்ள புத்தகத்தைப் பெற்றோரும் ஒருமுறை புரட்டிப் பார்த்து, கீழ்வரும் வினாக்களை வீட்டிலே கலந்துரையாடுவது நன்று.

1. வழக்கில் தோற்ற ஹம்டன் எவ்வகையில் வென்றார்?
2. வசதி படைத்தவருக்குப் பிறர் சார்பில் குரல் கொடுக்கும் கடமை உண்டா?
3. சட்டத்தின் வழியே கேள்வி கேட்பதற்கும் ஆயுதம் ஏந்துவதற்கும் இடையிலுள்ள வேறுபாடு யாது?