நேயர் சொல்லும் வர்ணனையாளர் செவியும்

வானொலி ஒருவழிப் பாதை என்றே நாம் பொதுவாக நினைக்கிறோம். அங்கே ஒருவர் பேசுகிறார். இங்கே நாம் கேட்கிறோம். விளையாட்டு ஒலிபரப்பைப் பொறுத்தவரை இது பாதி உண்மைதான். பேசுகிறவருக்குத் தெரிந்த அளவு, சில சமயம் அதற்கு மேலும், ஆட்டத்தைப் பற்றித் தெரிந்த நேயர்கள் இதில் ஏராளம். அவர்கள் சும்மா இருப்பதில்லை. கடிதம் எழுதுவார்கள், தொலைபேசியில் அழைப்பார்கள், இப்போது கைப்பேசியில் ஒரு வரி தட்டிவிடுவார்கள். அந்தக் கருத்துக்களை ஒலிபெருக்கியின் முன் இருப்பவர் எப்படி எடுத்துக்கொள்ள வேண்டும், நாம் எப்படிச் சொல்ல வேண்டும் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

ரயில்வேயில் பணியாற்றியவன் என்ற முறையில் முதலில் ஓர் உதாரணம் சொல்கிறேன். கேபினில் இருப்பவர் லீவரை இழுத்து சிக்னலை இறக்குகிறார். சிக்னல் மரமோ வளைவுக்கு அப்பால், அவர் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கலாம். கை உண்மையில் இறங்கியதா, இரவில் விளக்கு எரிகிறதா என்பதை அவர் எப்படி அறிவார்? அதற்காகத்தான் கேபினில் ரிப்பீட்டர் என்ற சிறு கருவியை வைத்திருக்கிறார்கள். தூரத்துச் சிக்னலின் நிலையை அது அப்படியே காட்டும். ஆனால் அது சிக்னலை இயக்குவதில்லை. லீவர் கேபின்காரர் கையில்தான் இருக்கிறது. நேயர் கருத்தும் இப்படித்தான். அதைப் பார்க்காமல் வேலை செய்வது ஆபத்து. அதன் கையிலேயே லீவரைக் கொடுத்துவிடுவதும் ஆபத்து.

நம் நாட்டில் கிரிக்கெட் வர்ணனை 1930களில் பம்பாயில் வேர்விட்டது. அக்காலத்தில் பெரும் புகழ் பெற்றவர் ஏ.எஃப்.எஸ். தல்யார்கான். நாள் முழுவதும் தனி ஒருவராகவே பேசி வந்தவர் அவர். ஒலிபெருக்கியை மற்றவர்களுடன் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்ற நிலை வந்தபோது, அதற்கு இணங்காமல் விலகிவிட்டார். அவருடைய திறமையில் யாருக்கும் ஐயமில்லை. என்றாலும் பின்னால் வந்த முறை வேறு. இருவர் மூவர் மாறி மாறிப் பேசுவது, பக்கத்தில் புள்ளிவிவரக்காரர் ஒருவர் அமர்ந்து பிழை திருத்துவது என்பது உலகெங்கும் வழக்கமாயிற்று. பக்கத்தில் இருப்பவர் சொல்லைக் கேட்கப் பழகுவதுதான் தூரத்து நேயர் சொல்லைக் கேட்பதற்கும் முதற்படி.

கடிதம் எழுதுவதில் நம் நேயர்களுக்கு நிகர் நம் நேயர்களே. 1952-ல் இலங்கை வானொலியில் தொடங்கிய அமீன் சயானியின் பினாகா கீத்மாலாவுக்கு வாராவாரம் மூட்டை மூட்டையாகக் கடிதங்கள் வந்தன. இன்றைய ஜார்க்கண்டில் உள்ள ஜும்ரி தலையா என்ற சிற்றூர், நேயர் விருப்பக் கடிதங்களாலேயே நாடறிந்த ஊரானது. 1957-ல் தொடங்கிய விவித பாரதியில் கடிதங்களுக்குப் பதில் சொல்வதற்கென்றே ‘பத்ராவளி’ என்ற நிகழ்ச்சி உண்டு. பாராட்டு, குறை இரண்டையும் வாசித்துப் பதில் சொல்லும் நல்ல மரபு அது.

தமிழில் கிரிக்கெட் வர்ணனை என்றதும் சாத்தான்குளம் அப்துல் ஜப்பார், கூத்தபிரான், ராமமூர்த்தி ஆகிய மூவரும் நினைவுக்கு வருவார்கள். சேப்பாக்கத்தில் ஆட்டம் நடந்தால் சென்னை வானொலி நிலையத்திலிருந்து அவர்கள் குரல் ஒலிக்கும். ஆங்கிலத்தில் பிறந்த ஆட்டத்தைத் தமிழில் சொல்லும்போது எந்தச் சொல்லை மொழிபெயர்ப்பது, எதை அப்படியே விடுவது என்ற கேள்வி எழுந்தது. ‘விக்கெட்’ விக்கெட்டாகவே நின்றது. ‘பேட்ஸ்மேன்’ மட்டையாளர் ஆனார். ‘பவுலர்’ பந்து வீச்சாளர் ஆனார். கேட்டுப் பழகிய காதுகளே இச்சொற்களுக்கு ஒப்புதல் முத்திரை இட்டன. நேயர் ஏற்காத சொல் எவ்வளவு அழகாக இருந்தாலும் நிலைப்பதில்லை.

இங்கிலாந்தில் 1957 முதல் பி.பி.சி. நடத்திவரும் டெஸ்ட் மேட்ச் ஸ்பெஷல் இதில் ஒரு நல்ல முன்மாதிரி. மழையால் ஆட்டம் நின்றாலும் பேச்சு நிற்காது. அந்நேரத்தில் நேயர் கடிதங்கள் கைகொடுக்கும். பிரையன் ஜான்ஸ்டன் காலத்தில் நேயர்கள் கடிதத்தோடு கேக்கும் செய்து அனுப்பும் பழக்கம் ஏற்பட்டுவிட்டது. 1966 முதல் 2009-ல் தாம் மறையும் வரை அங்கே ஸ்கோர் குறித்து வந்த பில் ஃப்ரிண்டால், நேயர்களின் புள்ளிவிவரக் கேள்விகளுக்கு ஏடுகளைப் புரட்டி விடை சொல்வார்.

அமெரிக்காவில் கதை வேறு. அங்கே நேயர் பேச்சே நிகழ்ச்சியாகிவிட்டது. 1987 ஜூலை 1-ஆம் தேதி நியூயார்க்கில் டபிள்யூ.எஃப்.ஏ.என். என்ற நிலையம் முழுநேர விளையாட்டு வானொலியாகத் தொடங்கியது. 1989 முதல் 2008 வரை அங்கே மைக் ஃபிரான்செசா, கிறிஸ் ருஸ்ஸோ இருவரும் நடத்திய நிகழ்ச்சியில் நேயர்கள் தொலைபேசியில் வந்து வாதாடுவார்கள். 1991-ல் பி.பி.சி.யும் ‘606’ என்ற கால்பந்து நிகழ்ச்சியைத் தொடங்கியது. மாலை 6 மணி 6 நிமிடத்துக்குத் தொடங்கியதால் அந்தப் பெயர். இத்தகைய நிகழ்ச்சிகளின் ஏற்பாடு எளிது. அழைப்பவரிடம் முதலில் ஓர் உதவியாளர் பேசி, பெயர், ஊர், சொல்ல வரும் விஷயம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்வார். பேச்சு சில விநாடிகள் தாமதமாகவே ஒலிபரப்பாகும். தகாத சொல் வந்தால் தொகுப்பாளர் பொத்தானை அழுத்தி வெட்டிவிடலாம். சூடான வாதத்துக்கும் இப்படி ஒரு காப்பு வைத்திருக்கிறார்கள்.

நம் நாட்டில் இப்படிப்பட்ட முழுநேர விளையாட்டுப் பேச்சு வானொலி வேரூன்றவில்லை. விதிமுறையும் அதற்கு ஒரு காரணம். தனியார் பண்பலை நிலையங்கள் சொந்தமாகச் செய்தி ஒலிபரப்ப அனுமதி இல்லை. 2011-ல் வந்த மூன்றாம் கட்டக் கொள்கை விளையாட்டுத் தகவல்களை அனுமதித்தாலும், நேரடி வர்ணனையை உள்ளூர்ப் போட்டிகளோடு நிறுத்திக்கொண்டது. ஆகவே வாதம் எல்லாம் டீக்கடையிலும் ரயில் பெட்டியிலும் நடந்து, பின்னர் கைப்பேசிக்கு இடம் மாறிவிட்டது.

அப்படி இடம் மாறியதன் விளைவை 2016-ல் பார்த்தோம். நம் ஹைதராபாத் வானொலி நிலையத்தில் 19 வயதில் வர்ணனையாளராகத் தொடங்கி உலகப் புகழ் பெற்றவர் ஹர்ஷா போக்லே. அவ்வாண்டு மார்ச் 23 அன்று பெங்களூரில் இந்தியா வங்கதேசத்தை ஒரே ஒரு ரன்னில் வென்றது. உடனே, இந்திய வர்ணனையாளர் நம் ஆட்டக்காரர்களைப் பற்றியல்லவா அதிகம் பேச வேண்டும் என்ற பொருளில், பெயர் குறிப்பிடாமல் அமிதாப் பச்சன் ட்விட்டரில் குறைபட்டார். அணித்தலைவர் தோனியும் அதை ஆமோதித்தார். போக்லே கோபப்படவில்லை. ஆங்கில ஒலிபரப்பு பல நாடுகளுக்கும் செல்வது, அதில் எதிரணி ரசிகர்களும் நேயர்களே என்று விளக்கம் தந்தார். அடுத்த மாதம் ஐ.பி.எல். வர்ணனைக் குழுவில் அவர் இடம்பெறவில்லை. காரணம் வெளிப்படையாகச் சொல்லப்படவில்லை. எனவே இரண்டையும் நாமாக முடிச்சுப்போட வேண்டாம். பின்னாளில் அவர் மீண்டும் வர்ணனைக்குத் திரும்பினார். ஆனால் ‘நம்மவர்’ யார் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

ஹைதராபாத் தமிழர்களாகிய நமக்கு இக்கேள்வி புதிதல்ல. 2018 மே 27 அன்று ஐ.பி.எல். இறுதி ஆட்டத்தில் சென்னையும் ஹைதராபாதும் மோதின. வாட்சன் ஆட்டமிழக்காமல் 117 ரன் எடுக்க, சென்னை 8 விக்கெட் வித்தியாசத்தில் வென்றது. நம்மில் எத்தனை வீடுகளில் அன்று பெரியவர்கள் ஒரு கட்சி, இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் மறு கட்சி! வர்ணனையாளர் ‘நம் அணி’ என்று சொல்லியிருந்தால் ஒரே கூடத்தில் பாதிப் பேர் முகம் வாடியிருக்கும். எதிரணிக்காரரும் கேட்கிறார் என்று போக்லே சொன்னது, நமக்கு வெளிநாட்டு விஷயம் அல்ல. சொந்தக் கூடத்து விஷயம்.

இவற்றிலிருந்து பெறும் பாடத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நேயர் கருத்து மூன்று வகை.

ஒன்று, தகவல் பிழை. 1955-ல் இதே ஊர் ஃபதே மைதானத்தில் நியூசிலாந்துக்கு எதிராக உம்ரிகர் 223 ரன் எடுத்தார். டெஸ்டில் இந்தியர் ஒருவரின் முதல் இரட்டைச் சதம் அது. யாராவது இதை வேறு ஊர்க் கணக்கில் எழுதினால், நேயர் சுட்டிக்காட்டிய உடனே நன்றி சொல்லித் திருத்த வேண்டும். இதில் வாதத்துக்கு இடமே இல்லை.

இரண்டு, கேட்பவரின் சிரமம். ஸ்கோர் என்ன என்று சொல்லவே இல்லை, வேகமாகப் பேசுகிறார் என்பன போன்றவை. அமெரிக்க பேஸ்பால் வர்ணனையாளர் ரெட் பார்பர் மேசைமேல் மூன்று நிமிட மணற்கடிகாரம் ஒன்றை வைத்துக்கொண்டு, மணல் தீரும்போதெல்லாம் ஸ்கோரைச் சொல்லிக் கடிகாரத்தைத் திருப்பி வைப்பாராம். இடையில் வந்து வானொலியைத் திருகும் நேயரை எண்ணிச் செய்த காரியம். இவ்வகைக் குறையையும் ஏற்கத்தான் வேண்டும்.

மூன்று, விருப்பு வெறுப்பு. என் அணியைப் புகழவில்லை, என் ஆட்டக்காரரைக் குறை சொன்னார் என்பவை. இவற்றை மரியாதையோடு கேட்க வேண்டும், பதிலும் சொல்ல வேண்டும். ஆனால் கண்ணால் கண்டதை மாற்றிச் சொல்லக் கூடாது. எழுதுகிறவர்கள் எல்லா நேயர்களும் அல்லர் என்பதையும் மறக்கலாகாது. நூறு பேர் கேட்டால் எழுதுகிறவர் ஒருவரோ இருவரோ. திருப்தியடைந்தவர் பெரும்பாலும் பேனாவைத் தொடுவதே இல்லை.

நேயராகிய நமக்கும் கடமை உண்டு. எந்த நாள், எந்த நிகழ்ச்சி, எந்தச் சொல் என்று குறிப்பிட்டு எழுத வேண்டும். ஒரு கடிதத்துக்கு ஒரு விஷயம் போதும். ஆளைத் தாக்காமல் பேச்சைப் பற்றி எழுத வேண்டும். நன்றாக இருந்தால் அதையும் ஒரு வரி எழுதிப் போட வேண்டும். விளக்கு அணைந்தால் மட்டும் சொல்வது ரிப்பீட்டரின் வேலை அல்ல. எரிகிறது என்று சொல்வதும் அதன் வேலைதான்.