காப்புப் பருவம் முதல் விடலைப் பருவம் வரை

குழந்தைச் செல்வத்தை இறைவன் தந்த வரமாகப் போற்றுவது நம் மரபு. அதற்கும் ஒரு படி மேலே சென்று, இறைவனையே குழந்தையாக்கிக் கொஞ்சி மகிழ்ந்ததும் நம் மரபே. தெய்வத்தின் முன் கைகூப்பி நின்ற தமிழ்ப் புலவர்கள், அதே தெய்வத்தைத் தொட்டிலில் கிடத்தித் தாலாட்டவும் துணிந்தனர். அவ்வாறு வளர்ந்த சிற்றிலக்கியமே பிள்ளைத்தமிழ். பெரியாழ்வார் கண்ணனைக் குழந்தையாகப் பாடிய பாசுரங்களில் இதன் வித்தினைக் காண்கிறோம். 12-ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் சோழ மன்னன்மீது பிள்ளைத்தமிழ் பாடினார். 17-ஆம் நூற்றாண்டில் குமரகுருபரர் மதுரை மீனாட்சியம்மைக்கும், புள்ளிருக்குவேளூர் முத்துக்குமாரசுவாமிக்கும் பாடினார்.

இந்நூல்களைப் பக்திச் சுவைக்காகவே பெரும்பாலோர் படிக்கிறோம். ஆனால் பிள்ளை வளர்ப்போருக்கு அவற்றில் ஒரு பெரிய பாடம் இருக்கிறது. தமிழ்ப்பள்ளியில் முப்பத்திரண்டு ஆண்டுகள் ஆசிரியப் பணி செய்த நான், அப்பாடத்தைக் காலங்கடந்தே உணர்ந்தேன். அதனை அன்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

பத்துப் பருவங்கள்

பிள்ளைத்தமிழில் பருவங்கள் பத்து. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வாரானை, அம்புலி ஆகிய ஏழும் ஆண்பாலுக்கும் பெண்பாலுக்கும் பொது. ஆண்பாற் பிள்ளைத்தமிழில் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்பன இறுதி மூன்றாக வரும். பெண்பாற் பிள்ளைத்தமிழில் அம்மானை, நீராடல், ஊசல் முதலியன வரும். மூன்றாம் மாதம் தொடங்கி, ஐந்து, ஏழு, ஒன்பது என ஒற்றைப்படை மாதங்களில் இருபத்தோராம் மாதம் வரை இப்பருவங்களை வைத்துப் பாடுவது ஒரு மரபு.

இன்றைய குழந்தை மருத்துவர்கள் வளர்ச்சிப் படிகளை மாதக் கணக்கில் அட்டவணையிட்டுத் தருகிறார்கள். நம் சுகாதார நிலையங்களில் தாய்மார்களுக்குக் கொடுக்கும் குழந்தை நலப் புத்தகத்திலும் அதனைக் காணலாம். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் வியப்பே மேலிடுகிறது.

காப்பு என்பது தெய்வங்களைக் குழந்தைக்குக் காவலாக அழைப்பது. பிறந்த குழந்தையின் கண்ணுக்கு ஏறத்தாழ 20 முதல் 30 சென்டிமீட்டர் தொலைவே தெளிவாகத் தெரியும். பால் குடிக்கும் குழந்தைக்கும் தாயின் முகத்திற்கும் உள்ள தொலைவு அதுவே. ஆகவே அக்குழந்தையின் உலகம் தாய்முகம் ஒன்றுதான். இரண்டாம் மாதத்தில் அம்முகத்தைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்குகிறது. அழுதால் யாரோ வருவார் என்னும் நம்பிக்கையே முதலாண்டின் அடித்தளம் என்றார் மனவியலறிஞர் எரிக் எரிக்சன் (1902-1994). மலேசியாவில் 2023 சனவரி முதல் தனியார் துறைத் தாய்மாருக்குப் பேறுகால விடுமுறை 60 நாளிலிருந்து 98 நாளாயிற்று. அது முடிந்ததும் பிள்ளை பாட்டியிடமோ பராமரிப்பு நிலையத்திற்கோ செல்கிறது. யாரிடம் இருந்தாலும், அழுகைக்கு ஓடி வரும் ஒரே முகம் நாள்தோறும் வேண்டும். இக்காலத்துக் காப்பு அதுவே.

செங்கீரை என்பது கைகளை ஊன்றித் தலையை நிமிர்த்தி ஆடும் நிலை. ஐந்தாம் மாதத்தையொட்டிக் குப்புறக் கிடக்கும் குழந்தை மார்பைத் தூக்குவதை எல்லாத் தாய்மாரும் கண்டிருப்பர். உறங்கும்போது மல்லாந்தும், விழித்திருக்கும்போது நம் கண்பார்வையில் சிறிது நேரம் குப்புறவும் கிடத்துக என்பது மருத்துவர் கூற்று.

தால் என்பது நாக்கு. நாவை அசைத்துத் தாலாட்டுவதால் அப்பருவத்திற்கு அப்பெயர். ஏழாம் மாதத்தையொட்டியே குழந்தையின் நாவும் அசைந்து ‘தாதா’, ‘பாபா’ என ஓசைகளை அடுக்கத் தொடங்குகிறது. சப்பாணி கைகொட்டும் பருவம். ஒன்பதாம் மாதத்திற்கும் ஓராண்டிற்கும் இடையே பிள்ளைகள் கைதட்டக் கற்கின்றனர். முத்தம் கேட்கும் பருவத்தில் குழந்தை தன்னவரையும் அயலாரையும் நன்கு பிரித்தறிகிறது. அதனால்தான் புதியவர் தூக்கினால் வீறிட்டு அழுகிறது. அது கெட்ட பழக்கமன்று. பாசம் வேரூன்றியதன் அடையாளம்.

வாரானை, நடந்து வருமாறு அழைக்கும் பருவம். இங்கேதான் பெற்றோர் மனம் பதறுகிறது. “பக்கத்து வீட்டுப் பிள்ளை பத்து மாதத்தில் நடந்துவிட்டதே!” என்கிறோம். இந்தியா, கானா, நார்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய 5 நாடுகளில் நலமுள்ள குழந்தைகளைக் கவனித்து, உலக சுகாதார நிறுவனம் 2006-இல் ஓர் ஆய்வினை வெளியிட்டது. தனியே நடக்கத் தொடங்கும் வயது ஏறத்தாழ 8 மாதத்திலிருந்து 17 மாதத்திற்குச் சற்று மேல் வரை விரிந்திருந்தது. எட்டில் நடந்த பிள்ளையும் நலமே; பதினேழில் நடந்த பிள்ளையும் நலமே. பதினெட்டு மாதமாகியும் நடக்கவில்லையானால் மருத்துவரைக் காண்க.

அம்புலி, நிலவைக் காட்டிக் குழந்தையோடு விளையாட வருமாறு அழைக்கும் பருவம். நாம் விரல் நீட்டுகிறோம். குழந்தை நம் விரலைப் பாராமல், விரல் காட்டும் நிலவைப் பார்க்கிறது. பிறகு தானே எதையாவது சுட்டிக்காட்டி, ‘நீயும் பார்த்தாயா’ என்பதுபோல் நம் முகத்தைப் பார்க்கிறது. இதை எளிதாக எண்ண வேண்டாம். ஒருவர் மனத்தில் உள்ளதை இன்னொருவரோடு பகிரும் ஆற்றல் அங்கே அரும்புகிறது. பதினெட்டு மாதத்தில் குழந்தை சுட்டிக்காட்டுகிறதா, பெயர் சொன்னால் திரும்புகிறதா என மருத்துவர்கள் வினவுவது இதனால்தான். இல்லையெனில் ‘ஆண் பிள்ளை, மெதுவாகத்தான் பேசுவான்’ என்று தள்ளிப்போட வேண்டாம். செவித்திறனையும் மனவளர்ச்சியையும் உடனே சோதிப்பது நன்று. முன்னதாக அறிந்தால் முன்னதாக உதவலாம்.

இறுதிப் பருவங்கள் விளையாட்டுக்கு உரியன. பறையைத் தட்டினால் ஒலிக்கும், தேரை இழுத்தால் வரும், மணல்வீட்டை மிதித்தால் சிதையும். தன் செயலால் உலகில் ஏதோ ஒன்று நிகழ்கிறது என்பதைக் குழந்தை இவ்வாறு அறிகிறது. கைப்பேசியைக் கையில் கொடுத்து அமர்த்திவிட்டால் இவ்வறிவு எங்ஙனம் வரும்?

இப்பத்துப் பருவங்களிலும் ஓர் ஒழுங்கைக் காண்கிறோம். எந்தப் புலவரும் செங்கீரைப் பிள்ளையை ‘நடந்து வா’ என அழைக்கவில்லை. நிலவைப் பார்க்கும் பிள்ளையை மீண்டும் தொட்டிலில் கிடத்தவும் இல்லை. இன்று இந்தப் பிள்ளை எதைச் செய்யும் என்று கூர்ந்து பார்த்து, அதையே கேட்டனர். அதையே கண்டு மகிழ்ந்தனர். பார்த்தல் முதலில், கேட்டல் பிறகு. நான் சொன்ன பாடம் இதுவே.

ஏழு வயதும் பள்ளியும்

இரண்டு வயதில் இரு சொற்களைச் சேர்க்கும் பிள்ளை, நான்கு வயதில் ‘ஏன்’ என்று கேட்டே நம்மைக் களைப்படையச் செய்கிறது. ஆறு வயதிற்குள் மூளை, வளர்ந்தோர் மூளையின் அளவில் ஏறக்குறைய 90 விழுக்காட்டை எட்டிவிடுகிறது. எனினும் சிந்திக்கும் முறை வேறு. சுவிட்சர்லாந்து அறிஞர் ஜீன் பியாஜே (1896-1980) செய்துகாட்டிய சோதனையை நீங்களும் வீட்டில் செய்து பார்க்கலாம். ஒரே அளவான இரு குவளைகளில் சமமாக நீர் ஊற்றுங்கள். ஒன்றிலுள்ள நீரை உயரமான ஒடுங்கிய குவளைக்கு மாற்றுங்கள். ஐந்து வயதுப் பிள்ளை பெரும்பாலும் உயரமானதில்தான் நீர் அதிகம் என்று சொல்லும். ஏழு, எட்டு வயதுப் பிள்ளையோ, ‘அதே தண்ணீர்தானே!’ என்று சிரிக்கும்.

இதை அறிந்தால், பாலர் பள்ளிப் பிள்ளைக்குக் கணக்கு வரவில்லையென்று காதைத் திருக மாட்டோம். ஏழு முதல் பன்னிரண்டு வரையுள்ள பருவத்தில் பிள்ளை ‘என்னால் முடியும்’ என்ற எண்ணத்தைத் தேடுகிறது. வாசிப்போ, மிருதங்கமோ, பந்தாட்டமோ, அம்மாவுக்கு வெங்காயம் உரித்துக் கொடுப்பதோ, ஏதேனும் ஒன்றில் ‘நீ நன்றாகச் செய்தாய்’ என்ற சொல்லை அது கேட்டாக வேண்டும். கேளாத பிள்ளை, தான் எதற்கும் உதவாதவன் என்று முடிவு கட்டிவிடுகிறது.

பதின்மூன்றில் நாம் தவறவிடுவது

‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?’ என்பது பழமொழி. உண்மைதான். ஆனால் ஐந்தோடு எல்லாம் முடிந்துவிட்டதென எண்ணுவது பிழை. பெண்பிள்ளைகளுக்கு 8 முதல் 13 வயதுக்குள்ளும், ஆண்பிள்ளைகளுக்கு 9 முதல் 14 வயதுக்குள்ளும் உடல் மாற்றம் தொடங்குகிறது. மூளையும் மீண்டும் தன்னைச் சீரமைத்துக்கொள்கிறது. உணர்ச்சி விரைந்து பொங்குகிறது. பின்விளைவை எண்ணி அடக்கும் முன்மூளைப் பகுதியோ இருபது வயதைக் கடந்த பிறகே முழு முதிர்ச்சி பெறுகிறது. இரவில் உறக்கம் வரும் நேரமும் இயல்பாகவே தள்ளிப்போகிறது. இவ்வயதினருக்கு நாள்தோறும் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. காலையில் எழ மறுக்கும் பிள்ளை சோம்பேறி என்றே நாம் தீர்ப்பளிக்கிறோம்.

நம் பிள்ளைகளுக்கு இன்னொரு சுமையும் உண்டு. தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டுகள் தாய்மொழியில் கற்றவர்கள், முதலாம் படிவத்தில் மலாய்மொழி வழிப் பாடங்களைக் கற்கும் இடைநிலைப்பள்ளிக்குச் செல்கிறார்கள். உடல் மாறும் அதே காலத்தில் பள்ளியும், மொழியும், நண்பர்களும் மாறுகின்றனர்.

1998-இல் என் மூத்த மகன் முதலாம் படிவம் சென்றான். தமிழ்ப்பள்ளியில் முதல் மாணவனாக விளங்கியவன், ஆண்டின் நடுவில் பல பாடங்களில் தேறவில்லை. அறைக்கதவைச் சாத்திக்கொண்டான். கோயிலுக்கு அழைத்தால் தலைவலி என்றான். ஊரார் பிள்ளைகளின் பருவங்களை அறிந்த ஆசிரியனாகிய நான், என் வீட்டில் அவனைப் பிறரோடு ஒப்பிட்டு ஏசினேன். ஒரு நாள் அவன் தாய் சோறு போட்டுக்கொண்டிருந்தபோது, தலைநிமிராமலே சொன்னான்: “அப்பா, வகுப்புல பாதி எனக்குப் புரியல. கேட்டா சிரிக்கிறாங்க. உங்ககிட்ட சொன்னா அடிப்பீங்கன்னு சொல்லல.”

அவன் நடக்கத் தொடங்கிய நாள் இன்றும் எனக்குத் தேதியோடு நினைவிருக்கிறது. அவன் பேச்சை நிறுத்திய நாள் எதுவென்று எனக்குத் தெரியவில்லை. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. மறுநாள் முதல், இரவு உணவுக்குப் பின் அவனோடு அமர்ந்து அறிவியல் நூலை மலாயிலும் தமிழிலும் படித்தேன். புள்ளிகள் மெல்லத்தான் ஏறின. கதவு மட்டும் ஒரு மாதத்தில் திறந்தது.

‘நான் யார்?’ என்பதே பதின்பருவத்தின் கேள்வி என்றார் எரிக்சன். தோளுக்கு மேல் வளர்ந்தால் தோழன் என்று நம் முன்னோர் அதற்கு வழி சொல்லிவைத்தனர். தோழனிடம் விசாரணை நடத்த மாட்டோம், பேச்சுக் கொடுப்போம். இரண்டு வாரங்களுக்கு மேலாகப் பிள்ளை உண்ணாமல், உறங்காமல், நண்பர்களையும் விரும்பிய விளையாட்டையும் விட்டு ஒதுங்கினால், அதைத் திமிர் என்று எண்ணற்க. பள்ளியின் ஆலோசக ஆசிரியரையோ மருத்துவரையோ நாடுக. அதில் வெட்கம் ஏதுமில்லை.

ஆலயமும் இளையோரும்

நம் ஆலயங்களின் சமய வகுப்புகளில் ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகள் நிறைந்திருப்பதைப் பார்க்கிறோம். பதின்மூன்று வயதினரைத் தேட வேண்டியிருக்கிறது. சிறு பிள்ளைக்குப் பாட்டும் பரிசும் போதும். வளர்ந்த பிள்ளைக்கு, தன்னை நம்பி ஒப்படைத்த ஒரு வேலை வேண்டும். அன்னதானப் பந்தியில் பரிமாறுதல், காலணி காக்கும் இடத்தைக் கவனித்தல், விழாவின் ஒலிபெருக்கியைப் பார்த்துக்கொள்ளுதல், தம்பி தங்கையருக்குத் தேவாரம் சொல்லிக்கொடுத்தல் என எத்தனையோ பணிகள் உண்டு. முதலாம் படிவ மாணவருக்கு மாலை நேரப் பாட உதவி வகுப்பு நடத்த ஓர் அறையும், இரண்டு நல்ல ஆசிரியரும் இருந்தால், அதற்குச் செலவிடும் நன்கொடை கோபுரத் திருப்பணிக்கு இணையான புண்ணியமாகும்.

என் மகனின் மகள் இப்போது ஆறாம் ஆண்டு படிக்கிறாள். அடுத்த ஆண்டு முதலாம் படிவம். அவளுடைய புத்தகப்பையைப் பற்றி என் மகன் இன்னும் யோசிக்கவில்லை. வாரந்தோறும் ஒரு மாலை அவளோடு மட்டும் நடந்துவர இப்போதே நேரம் ஒதுக்கியிருக்கிறான். நான் கேட்டதற்கு, “அவ என்ன சொல்றான்னு கேக்கணும்ல ப்பா” என்றான்.

குழந்தை வடிவில் நம் முன்னோர் கண்டு மகிழ்ந்த இறைவன், நம் வீட்டுப் பிள்ளைகளை அவரவர் பருவத்தில் கண்டு வளர்க்கும் கண்ணையும் பொறுமையையும் நமக்கு அருள்வானாக.