அன்றைய அரங்கேற்றமும் இன்றைய ஆய்விதழும்

சிட்னியிலும் மெல்பேணிலும் வளரும் நம் பிள்ளைகள் அரங்கேற்றம் என்னும் சொல்லைப் பரதநாட்டிய மேடையோடு சேர்த்தே அறிவர். பண்டைத் தமிழகத்தில் நூல்களும் அரங்கேறின. புலவர் தம் நூலைக் கற்றோர் அவையில் படித்துக் காட்டி, எழுந்த ஐயங்களுக்கு விடை கூறி, அவையின் ஏற்பைப் பெறுதல் மரபு. தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியதென அதன் சிறப்புப்பாயிரம் கூறுகின்றது.

இன்று அந்த அவையின் இடத்தில் நிற்பது ஆய்விதழ். அவுஸ்திரேலிய மொழியியற் சங்கத்தின் ஆய்விதழ் 1981ஆம் ஆண்டு முதல் வெளிவருகின்றது. இத்தகைய இதழுக்கு ஒருவர் கட்டுரை அனுப்பினால், இதழாசிரியர் அதனை அத்துறை வல்லுநர் சிலரிடம் மதிப்பீட்டிற்கு விடுப்பார். எழுதியவர் பெயர் பெரும்பாலும் மறைக்கப்பட்டிருக்கும். ஆகவே பட்டமும் பதவியும் அங்கே துணைவாரா. கட்டுரை புதிதாகக் கூறுவது யாது? சான்றுகள் முடிவைத் தாங்குகின்றனவா? முன்னோர் ஆய்வுகள் மதிக்கப்பட்டுள்ளனவா? இவ்வினாக்களுக்கு விடை கண்டபின், ஏற்றல், திருத்தி அனுப்பச் சொல்லல், மறுத்தல் என்னும் மூன்றனுள் ஒரு முடிவு கிடைக்கும். திருத்தமின்றி ஏற்கப்படுவன மிகச் சிலவே.

மதிப்பீட்டாளருக்குரிய அளவுகோலைப் பவணந்தி முனிவர் நன்னூலிலேயே தந்துள்ளார். குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல் முதலிய பத்துக் குற்றங்களை அவர் வகுத்தார். நூல் மதிப்புரை எழுதுவோரும் இவற்றை மனத்திற் கொள்ளல் வேண்டும். நண்பர் நூலெனப் புகழ்தலும் பகைவர் நூலென இகழ்தலும் மதிப்புரை ஆகா.

இக்கண்டிப்பு ஏன் வேண்டும்? கால்டுவெல் தாம் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கண நூலில், இந்நாட்டுப் பூர்வீகக் குடிகளின் மொழிகளிலுள்ள பிரதிப்பெயர்கள் சில திராவிடப் பிரதிப்பெயர்களை ஒத்திருத்தலைச் சுட்டினார். ட, ண, ள போன்ற நாவளை ஒலிகளும் அம்மொழிகள் பலவற்றில் உண்டு. இவற்றைக் கேட்கும் நமக்கு உள்ளம் பூரிக்கின்றது. ஆயினும் ஒப்புமை வேறு, உறவு வேறு. வட குவீன்ஸ்லாந்தில் வழங்கிய ம்பபரம் மொழியில் நாய்க்குப் பெயர் ‘டொக்’. ஆங்கிலத்திலும் அதுவே! எனினும் அஃது ஆங்கிலத்திலிருந்து வந்ததன்று. அயலிலுள்ள யிடின் மொழியில் நாயைக் குறிக்கும் ‘குடகா’ என்னும் சொல்லோடு அது ஓரினமானது என்பதை ஆர். எம். டபிள்யூ. டிக்சன் ஒலிமாற்ற நெறிகளால் விளக்கினார். தமிழுக்கும் இம்மொழிகளுக்கும் உறவு காட்ட அத்தகைய ஒழுங்கான ஒலிமாற்றங்கள் நிறுவப்படவில்லை. ஆதலின் மொழியியலாளர் அவ்வுறவை ஏற்பதில்லை. நம் விருப்பம் சான்றாகாது.

இதனை நன்குணர்ந்தவர் தனிநாயகம் அடிகளார். தமிழின் சிறப்பைத் தமிழரிடம் மட்டும் பேசுதல் போதாதெனக் கண்டு, 1952இல் ‘தமிழ் கல்சர்’ என்னும் ஆங்கிலக் காலாண்டிதழைத் தொடங்கிப் பிறநாட்டு அறிஞரையும் எழுதச் செய்தார். 1964இல் புதுடில்லியில் உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றம் அமையவும் முன்னின்றார். உலக அறிஞர் தமிழைக் கற்கத் தலைப்பட்டமைக்கு இப்பணி பெருந்துணையாயிற்று.

மாணவச் செல்வங்களே, ஆய்வுக்குரிய பொருள் உங்கள் இல்லத்திலேயே உள்ளது. பாட்டி கூறும் சொல், தந்தை கூறும் சொல், நீங்கள் கூறும் சொல் ஆகியவற்றை ஓர் ஏட்டில் எழுதுங்கள். யார், எங்கே, எப்பொழுது கூறினார் என்பதையும் குறியுங்கள். பின்னர் உங்கள் முடிவை வகுப்பில் படித்து, தோழர் மறுப்பதைப் பொறுமையுடன் கேளுங்கள். பெற்றோரும், பிள்ளை “சான்று என்ன?” என வினவும்போது சினவாது விடையிறுத்தல் வேண்டும். அவ்வினாவைத் தாங்கி நிற்கும் பெருமையே தமிழுக்கு நிலையான பெருமையாம்.