வெள்ளம் வடிந்தது, பிள்ளை தூங்கவில்லை

2022 செப்டம்பரில் பெல்லந்தூர், சர்ஜாபூர் சாலைப் பக்கம் டிராக்டரிலும் படகிலும் ஆட்களை மீட்டார்கள். 2025 மே மாதம் ஹொரமாவு சாய் லேஅவுட்டில் மறுபடி தண்ணீர். பெங்களூருவில் ஒவ்வொரு முறையும் வெள்ளம் வடிந்ததும் பெரியவர்கள் வீட்டைக் கழுவுகிறோம், மோட்டாரைப் பார்க்கிறோம். "எனக்கு ஒண்ணுமில்லம்மா" என்று பதினான்கு வயதுப் பிள்ளை சொன்னால் நம்பிவிடுகிறோம்.

முதல் வாரம் தூக்கமும் சாப்பாடும்தான் மருந்து. நேரத்துக்குப் படுக்கட்டும், பள்ளி திறந்ததும் போகட்டும். வாட்ஸ்அப்பில் சுற்றும் வெள்ள வீடியோக்களை வீட்டில் ஓடவிடாதீர்கள்.

அடுத்தது பேச்சு. இதில்தான் அதிகம் தவறுகிறோம். "என்ன பார்த்தே, சொல்லு" என்று தோண்ட வேண்டாம். வற்புறுத்திப் பேசவைக்கக் கூடாது என்றே உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. எதிரே உட்காரவைத்து விசாரிக்காமல், சேர்ந்து ஒரு வேலை செய்யுங்கள். மொட்டை மாடியில் நனைந்த நோட்டைக் காயவைத்து, ஒட்டிப்போன தாள்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கும்போது, மை கரைந்த பக்கத்தைப் பார்த்துப் பிள்ளை தானாக வாய் திறக்கும். அப்போது குறுக்கே பேசாமல் கேளுங்கள். "ஆம்பளப் பையன் அழலாமா", "மத்தவங்களுக்கு நம்மைவிட மோசம்" என்ற இரண்டையும் சொல்லவே சொல்லாதீர்கள்.

பிறகு கவனியுங்கள். மழைச் சத்தத்துக்கு எழுந்து ஜன்னலுக்குப் போவது, கெட்ட கனவு, தண்ணீர் தேங்கிய தெருவைத் தவிர்ப்பது எல்லாம் முதல் சில வாரங்களில் இயல்பு. இந்த வயதில் பயம் பல நேரம் கோபமாகத்தான் வெளியே வரும். அதைத் திமிர் என்று எண்ணி அடித்துவிடாதீர்கள். ஒரு மாதம் தாண்டியும் இவை குறையாமல் படிப்பையும் பழக்கத்தையும் கெடுத்தால் மருத்துவரிடம் போக வேண்டும். சாவைப் பற்றிப் பேசினால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது, தனியே விடவும் கூடாது.

எங்கே போவது? பெங்களூரு ஓசூர் சாலையில் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை இருக்கிறது. 2004 சுனாமிக்குப் பிறகு தமிழகக் கடற்கரையில் மனநலப் பணி செய்த நிறுவனம். குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் தனிப் பிரிவே உண்டு. நேரில் போகத் தயங்கினால் டெலி மானஸ் என்ற மனநல உதவித் தொலைபேசி, எண் 14416. 2022 அக்டோபரில் தொடங்கிய இந்த அரசு சேவை இலவசம், இரவு பகல் எந்நேரமும் கிடைக்கும். கன்னடம் வராதே என்று அம்மாக்கள் ஒதுங்க வேண்டாம், தமிழிலும் பேசலாம்.

அடுத்த மழைக்கு முன்பே அந்த எண்ணைப் பிள்ளையின் போனிலும் பதிந்து வையுங்கள்.