உயிரணுவின் சர்க்கரைப் போர்வை

சர்க்கரை என்றவுடன் தேநீரில் கலக்கும் சீனிதான் நம் நினைவுக்கு வரும். உடலுக்கு ஆற்றல் தருவது மட்டுமே அதன் பணி என்றும் நாம் எண்ணுகிறோம். ஆனால், நம் உடலின் ஒவ்வோர் உயிரணுவும் சர்க்கரையால் ஆன மெல்லிய போர்வை ஒன்றைப் போர்த்தியுள்ளது. பலவகைச் சர்க்கரை மூலக்கூறுகள் சங்கிலிபோல் இணைந்து, உயிரணுவின் மேற்பரப்பிலுள்ள புரதங்களிலும் கொழுப்புகளிலும் ஒட்டியிருக்கின்றன. உயிரணுக்கள் ஒன்றையொன்று அடையாளம் காண இச்சங்கிலிகள் உதவுகின்றன.

இச்சங்கிலிகளைக் கோப்பவை நொதிகள். இதற்கு நாம் நன்கறிந்த எடுத்துக்காட்டு இரத்தப் பிரிவு. 1901ஆம் ஆண்டில் கார்ல் லாண்ட்ஸ்டெய்னர் இரத்தப் பிரிவுகளை விளக்கினார். அவற்றுக்கிடையே உள்ள வேறுபாடு, சங்கிலியின் நுனியிலுள்ள ஒரு சர்க்கரைதான் என்பது பின்னர் தெரியவந்தது. 'ஏ' பிரிவினரின் நொதி ஒருவகைச் சர்க்கரையைச் சேர்க்கிறது. 'பி' பிரிவினரின் நொதி வேறொன்றைச் சேர்க்கிறது. 'ஓ' பிரிவினரிடம் அந்த நொதி செயல்படுவதில்லை.

புற்றுநோய்க் கட்டியில் இந்நொதிகளின் ஒழுங்கு குலைகிறது. சில நொதிகள் அளவுக்கு மீறிச் செயல்படுகின்றன, சில குறைந்துவிடுகின்றன. 'எம்ஜிஏடி5' எனும் நொதி மிகும்போது, சர்க்கரைச் சங்கிலிகள் மரக்கிளைகள்போல் பிரிந்து அடர்கின்றன. இதனால் உயிரணுவை வளரத் தூண்டும் புரதங்கள் மேற்பரப்பில் நீண்ட நேரம் தங்குகின்றன. இந்நொதி இல்லாத எலிகளில் கட்டியின் வளர்ச்சியும் பரவலும் குறைந்ததை 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு காட்டியது. வேறு சில நொதிகள் சங்கிலியின் நுனியில் சயாலிக் அமிலம் என்னும் சர்க்கரையை மிகுதியாகச் சேர்க்கின்றன. அதை உணரும் நோய் எதிர்ப்பு அணுக்கள், கட்டியைத் தாக்காமல் அடங்கிவிடுகின்றன.

இம்மாற்றங்கள் நோயின் போக்கைக் கணிக்கவும் உதவுகின்றன. கணையப் புற்றுநோயாளிகளுக்கு 'சிஏ 19-9' எனும் இரத்தப் பரிசோதனை செய்யப்படுகிறது. அது அளவிடுவதும் ஒரு சர்க்கரைச் சங்கிலியைத்தான். அறுவைச் சிகிச்சைக்குப் பின் அதன் அளவு இயல்பு நிலைக்குத் திரும்பினால் நம்பிக்கை கூடும். குறைந்த அளவு மீண்டும் ஏறினால், நோய் திரும்பியிருக்கலாம் என மருத்துவர் ஐயுறுவார்.

எனினும், அந்த எண்ணை மட்டும் நம்பி முடிவெடுக்க இயலாது. ஏறத்தாழ 100 பேரில் 5 முதல் 10 பேருக்கு, இச்சங்கிலியை உருவாக்கத் தேவையான நொதி பிறவியிலேயே செயல்படுவதில்லை. அவர்களுக்குப் புற்றுநோய் முற்றியிருந்தாலும் பரிசோதனை மிகக் குறைந்த அளவையே காட்டக்கூடும். மாறாக, பித்தநாளத்தில் கல் அடைத்துக்கொண்டாலே, புற்றுநோய் இல்லாதவருக்கும் அளவு உயரலாம். ஆகவே, நலமாக உள்ளவரிடம் புற்றுநோயைத் தேட இப்பரிசோதனை ஏற்றதன்று. மருத்துவர்கள் இதனை ஊடுகதிர்ப் படங்களோடும் திசுப் பரிசோதனையோடும் ஒப்பிட்டே பொருள் கொள்கின்றனர்.

இந்த அறிவு புதிய சிகிச்சைக்கும் வழிகாட்டுகிறது. 2022ஆம் ஆண்டு வேதியியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட கரோலின் பெர்டோசியின் ஆய்வுக் குழு, சயாலிக் அமிலத்தை வெட்டி நீக்கும் நொதி ஒன்றைப் புற்றணுவைத் தேடிச் செல்லும் எதிர்ப்புப் புரதத்துடன் இணைத்தது. ஆய்வகத்தில், போர்வை விலக்கப்பட்ட புற்றணுக்களை நோய் எதிர்ப்பு அணுக்கள் முன்னிலும் நன்றாகத் தாக்கின.

கண்ணுக்குத் தெரியாத ஒரு சர்க்கரை நுனி, நோயின் போக்கை முன்கூட்டியே உணர்த்தக்கூடும். ஆயினும், அது ஓர் அறிகுறியே, தீர்ப்பு அன்று. பரிசோதனை அறிக்கையிலுள்ள ஓர் எண்ணைக் கண்டு அஞ்சுவதும் தவறு. அதைக் கண்டு அசட்டையாக இருப்பதும் தவறு. அந்த எண் எவ்வாறு உருவாகிறது என்பதை அறிந்தவரே அதன் பொருளைச் சரியாக உணர்வார்.