விசிலுக்கு முன்னால் சுருதி

இதை எழுதுகிறவர் ஜெர்மனியில் பணம் கட்டிச் சேர்ந்த மேற்சுரப் பாட்டுப் (overtone singing) பயிலரங்கில் முதலில் பறிபோனது சுருதிப்பெட்டி. “கர்நாடக சங்கீதப் பழக்கம் உங்களைத் தடுக்கிறது. கேட்காதீர்கள், உணருங்கள்” என்றார் நடத்தியவர். சுற்றிலும் மெழுகுவத்தி, வெண்கலக் கிண்ணங்கள். பிறகு எல்லோரையும் தொண்டையை இறுக்கி, குரலுக்கு மேலே கேட்கும் அந்த விசிலைத் தேடச் சொன்னார். விசில் வந்தது, இசை வரவில்லை. கட்டுரையாளருக்குத் தொண்டை கட்டியதுதான் மிச்சம். கோபம் இன்னும் ஆறவில்லை.

நுட்பம் பெரிய ரகசியமில்லை. ஒரே சுரத்தில் நின்று ‘ஊ’விலிருந்து ‘ஈ’க்கு மிக மெதுவாக நகர வேண்டும். நாக்கு எழும்ப எழும்ப வாய்க்குள் இருக்கும் வெளி மாறி, குரலில் ஏற்கெனவே இருக்கும் மேற்சுரங்களை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டும். தினமும் குளியலறையில் பழகினால் வந்துவிடும்.

வராதது அடுத்த கட்டம், அதாவது கூட்டமாகப் பாடுவது. ஒருவர் 110 ஹெர்ட்ஸில் நிற்கிறார், பக்கத்தில் இருப்பவர் 111. ஆதார சுரத்தில் நொடிக்கு ஒரே ஓர் அசைவு, யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். ஆனால் மேற்சுரங்கள் ஆதாரத்தின் மடங்குகள் என்பதால், எட்டாவது மடங்கில் ஒருவருடையது 880, மற்றவருடையது 888. நொடிக்கு எட்டுத் துடிப்பு. கீழே ஒன்றாக இருந்த பிசகு மேலே எட்டாகிவிடுகிறது. ஓர் அறை நிறைய ஆட்கள் ஆளுக்கொரு பக்கம் இப்படி வழுக்கினால், கேட்பது கலைந்த தேன்கூட்டின் இரைச்சல். அதற்குத்தான் அந்தப் பயிலரங்கில் ‘ஆற்றல்’ என்று பெயர் வைத்திருந்தார்கள்.

இந்தக் கலையைத் தியானக் கூட்டிசையாக்கியவர்கள் யாரும் சுருதியை அலட்சியப்படுத்தவில்லை. துவா, மங்கோலியா மேய்ப்பர்களின் மேற்சுரப் பாட்டு பெரும்பாலும் தனியாள் கலை. குதிரையையும் ஆற்றையும் பாடுவது அது. தியான முத்திரை பின்னால் வெளியார் குத்தியது. அந்தப் பாட்டால் ஈர்க்கப்பட்ட அமெரிக்க இசைஞர் டேவிட் ஹைக்ஸ் 1975-இல் நியூயார்க்கில் ‘ஹார்மானிக் கொயர்’ குழுவைத் தொடங்கினார். 1983-இல் வெளிவந்த ‘ஹியரிங் சோலார் விண்ட்ஸ்’ தொகுப்பைத் தெற்கு பிரான்ஸின் தோரோனே மடத்தில் பதிவு செய்தார்கள். 12ஆம் நூற்றாண்டுக் கல் கட்டடம். பாடிய சுரம் உடனே அடங்காது. பிசகும் அடங்காமல் தொங்கி, அடுத்த சுரத்தோடு மோதும் இடம் அது. ஹைக்ஸ் பாடகி ஷீலா தரிடம் இந்துஸ்தானி கற்றவர் என்பதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். அந்தப் பழக்கம் அவரைத் தடுத்ததாகத் தெரியவில்லை.

இன்னும் கறாரான சாட்சி ஜெர்மானிய இசையமைப்பாளர் ஸ்டாக்ஹவுசனின் ‘ஷ்டிம்முங்’ (1968). ஆறு பாடகர்கள், ஒரு மணி நேரத்துக்கும் மேல், ஒரே ஆதாரத்தின் 2, 3, 4, 5, 7, 9 மடங்குகளில் மட்டும் நிற்கிறார்கள். தேர்ந்த பாடகர்கள்தான். ஆனாலும் அவர்களுக்கு மட்டும் கேட்கும்படி, அந்தச் சுரங்கள் பதிந்த ஒலிநாடாவை மிக மெல்லிய அளவில் ஓடவிட ஏற்பாடு செய்தார் ஸ்டாக்ஹவுசன். சுருதிப்பெட்டியைப் பிடுங்கியவருக்கு இது தெரியுமா?

ஆகவே முதலில் தம்புரா. வீட்டில் இருக்கும், இல்லையென்றால் போனில் இருக்கும். மந்தர ஸட்ஜத் தந்தியை மீட்டி, தானாக எழும் அந்தர காந்தாரம் காதில் தெளியும்வரை வாயைத் திறக்க வேண்டாம். அது ஐந்தாவது மடங்கு. திபெத்திய க்யூட்டோ துறவிகளின் அடித்தொண்டை ஓதலில் ஓங்கி ஒலிப்பவை ஐந்தாவதும் பத்தாவதும் என்று சமய அறிஞர் ஹஸ்டன் ஸ்மித்தும் கூட்டாளிகளும் 1967-இல் எழுதினார்கள். பத்தாவதும் காந்தாரமே, ஒரு ஸ்தாயி மேலே. ஹார்மோனியம் மட்டும் அறைக்குள் வரவே கூடாது. அதன் காந்தாரம், குரலில் இயல்பாக எழும் காந்தாரத்தைவிட அரைச்சுரத்தில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு தூக்கலாக நிற்கும். ஏழாவது மடங்குக்கோ அதில் கட்டையே கிடையாது.

ஆணும் பெண்ணும் கலந்த குழுவென்றால் ஆண்களுக்கு 110, பெண்களுக்கு 220. ஆண்களின் பத்தாவது மடங்கும் பெண்களின் ஐந்தாவதும் 1,100 ஹெர்ட்ஸில் சந்திக்கும். முதல் சில வாரங்கள் அங்கேயே நிற்கலாம். எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்செடுக்காமல், பக்கத்து ஆள் தொடர்ந்து பாடும்போது எடுத்தால், ஆதாரம் அறுந்து புதிதாகப் பிடிக்க வேண்டிய தொல்லை இருக்காது.