அரை இன்ச்சா, முக்கால் இன்ச்சா?

டேங்க் ஒன்றுதான். கீழ்வீட்டுச் சமையலறைக் குழாயில் தண்ணீர் பீய்ச்சி அடிக்கிறது. மாடி பாத்ரூம் ஷவரில் நூல் நூலாக வடிகிறது. பாத்ரூமைப் புதுப்பிக்க டைல்ஸை உடைக்கும்போது, "ஃபோர்ஸ் வேணும்னா பிரஷர் பம்ப் போட்டுடலாம் சார்" என்ற யோசனைதான் முதலில் வரும். ஆனால் பம்புக்குக் காசு எடுத்துவைக்கும் முன் பார்க்க வேண்டியது குழாயின் உள்விட்டம்.

பம்ப் இல்லாத வீட்டில் அழுத்தம் தருவது உயரம் மட்டுமே. பத்து மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய ஒரு கிலோ பிரஷர். மொட்டைமாடியில் மூன்றடி மேடை கட்டி டேங்க் வைத்த வீட்டில், டேங்க்கின் அடிமட்டத்துக்கும் மாடி ஷவருக்கும் நடுவே சுமார் இரண்டு மீட்டர்தான் இருக்கும். டேங்க் நிறைந்திருந்தால் இன்னும் ஒரு மீட்டர் கூடும். குழாயைப் பெரிதாக்கினால் இந்தப் பிரஷர் ஏறாது. குழாய் மூடியிருக்கும்வரை அரை இன்ச்சிலும் ஒரு இன்ச்சிலும் அது ஒரே அளவுதான். தண்ணீர் ஓடத் தொடங்கிய பிறகு, உராய்வில் எவ்வளவு போகிறது என்பதில்தான் வித்தியாசம்.

அந்த வித்தியாசம் சின்னதல்ல. வெந்நீருக்கும் ஏற்ற சிபிவிசி குழாயில், எஸ்டிஆர் 11 ரகத்தை எடுத்துக்கொள்வோம். அரை இன்ச்சின் உள்விட்டம் சுமார் 12.4 மி.மீ., முக்கால் இன்ச்சுக்கு 18, ஒரு இன்ச்சுக்கு 23. நல்ல குளியலுக்கு நிமிடத்துக்கு 12 லிட்டர் வேண்டும், குழாயின் நீளம் பத்து மீட்டர் என்று வைத்தால், அரை இன்ச்சில் உராய்வு மட்டுமே 2.7 மீட்டர் உயரத்தை விழுங்கிவிடும். கையில் இருப்பதே இரண்டு, மூன்று மீட்டர். முக்கால் இன்ச்சில் அந்த இழப்பு 0.4 மீட்டர், ஒரு இன்ச்சில் 0.12. எல்போ, டீ, வால்வு இதில் சேரவில்லை.

பழைய ஜிஐ குழாயை மாற்றுபவர்கள் ஏமாறும் இடமும் இதுதான். அரை இன்ச் ஜிஐயின் துளை புதிதில் சுமார் 16 மி.மீ. துருவும் போர் தண்ணீரின் உப்பும் படிந்து அது அடைத்துப்போயிருக்கும், உண்மைதான். ஆனால் அதற்குப் பதிலாக அதே 'அரை இன்ச்' என்று கேட்டு சிபிவிசி வாங்கினால், புதுக் குழாயின் துளை 12.4தான். பிபிஆர் குழாயில் சொல்லப்படும் 20 மி.மீ. வெளிவிட்டம்; தடிமனைப் பொறுத்து உள்ளே 13, 14 மி.மீ. மிஞ்சும். கடையில் சொல்லும் அளவை நம்பாமல், ஒரு துண்டை வெட்டி ஸ்கேலை வைத்து அளந்து பார்ப்பது நல்லது.

ஆக, இரண்டு பாத்ரூம், ஒரு சமையலறை உள்ள மாடிவீட்டுக்கு டேங்க்கிலிருந்து இறங்கும் மெயின் லைன் ஒன்றேகால் இன்ச், ஒவ்வொரு பாத்ரூமுக்கும் முக்கால், குழாயடியில் கடைசி இரண்டடி மட்டும் அரை என்பதே சரியான ஏற்பாடு. மாடிக்குத் தனி லைன் இறக்கினால், கீழே யாராவது குழாயைத் திறந்ததும் மேலே ஷவர் ஓய்ந்துபோகாது. சுவருக்குள் புதைப்பதை மறுபடி உடைக்கும் கூலியோடு ஒப்பிட்டால், முக்கால் இன்ச்சுக்குக் கூடும் குழாய் விலை ஒரு பொருட்டே அல்ல.

வெந்நீர் லைனில் மட்டும் தாராளம் கூடாது. மாடியில் சோலார் ஹீட்டர் இருந்தால், பத்து மீட்டர் முக்கால் இன்ச் குழாயில் 2.6 லிட்டர் ஆறிய தண்ணீர் நிற்கும். ஒரு இன்ச்சில் 4.3 லிட்டர். வெந்நீர் வரும்வரை அத்தனையும் வீண்.

டேங்க்கை உயர்த்துவதும் ஒரு வழிதான். ஆனால் ஒரு மீட்டருக்குக் கிடைப்பது 0.1 கிலோ மட்டுமே. நிறைந்த ஆயிரம் லிட்டர் டேங்க் ஒரு டன்னுக்கு மேல் கனக்கும் என்பதால் தூண், பீம் பார்க்காமல் ஏற்றக் கூடாது. ஒரு கிலோவுக்கு மேல் பிரஷர் கேட்கும் பெரிய மழை ஷவர்தான் வேண்டும் என்றால் பம்ப் தவிர்க்க முடியாதது. அப்போதும் அதற்குத் தண்ணீர் தரும் லைன் ஒரு இன்ச்சாவது இருக்கட்டும். அரை இன்ச்சில் இழுத்தால் பம்ப் திணறும்.

எதையும் உடைப்பதற்கு முன், 20 லிட்டர் பக்கெட்டை மாடிக் குழாயடியில் வைத்து நேரம் பார்க்கலாம். 100 விநாடிக்குள் நிறைந்தால் நிமிடத்துக்கு 12 லிட்டர் வருகிறது. அதற்கு மேல் ஆனால் முதலில் வால்வைத்தான் கழற்ற வேண்டும்: முக்கால் இன்ச் லைனில் துளை குறுகிய பால் வால்வு மாட்டியிருக்கும் வீடுகள் நிறைய.